மச்சான் தந்த சைக்கிள்

உங்களுக்கெல்லாம் வேற வேல இல்லியா கா? ஒரு கிழவி தனிய இரிந்து சிரிச்சா, சிரிச்சிட்டுப் போறாண்டு உடுறதுக்கென்ன? படலையத் தள்ளிக்கிட்டு வந்து, "என்னத்துக்குச் சிரிச்சீங்க, என்னத்துக்குச் சிரிச்சீங்க" எண்டு என்ட உசிரெடுக்கிறீங்க. உங்கட மருமகன்மார் சிரிச்சா இப்பிடி ஓடிப் போய்க் கேப்பீங்களா? கேப்பீங்க, கேப்பீங்க. அதும் எனக்குத் தெரியும்.

சரி, குந்துங்க. நல்ல கதிர எனக்கு. மத்தத நீங்க அடிபட்டு எடுங்க.

இந்தா இதப் பாருங்க. மகள்ட மகள் போன்ல அனுப்பியிரிக்காள். லண்டனெண்டு நான் சொன்னா அவளுக்குக் கோவம் வருது. லண்டனில்லையாம், அங்கால கன தூரமாம், வயலும் செம்மறியாடும் இரிக்கிற இடமாம். லீவு நாள்ல அவளும் மாப்பிளையும் தலையில சட்டியக் கவுத்துக்கிட்டு சைக்கிள்ள ஊர் சுத்துறாங்க. பாருங்க அந்த றோட்ட. ஏறுது, இறங்குது, திரும்பவும் ஏறுது. ஆரோ ஒராள் பச்சப் போர்வைய உதறி, அது அடங்குறதுக்கு முதல் அப்பிடியே நிப்பாட்டி வெச்ச மாதிரி. "உம்மும்மா, இந்த மாதிரி றோட்ட நீங்க கண்டே இரிக்க மாட்டீங்க" எண்டு கத்துறாள். கண்டிரிக்கன். அவள்ட உம்மா பொறக்க முதலே கண்டிரிக்கன். அந்த றோட்டெல்லாம் என்ட சுட்டு விரலால ஓடி முடிச்ச றோட்டு.

அதுக்குச் சிரிச்சனா? இல்ல. நான் சிரிச்சது மச்சான நெனச்சி.

போன கிழமை கலியாண ஊட்டுல மச்சான் மைக்கப் புடிச்சாரே, நீங்களும் இரிந்தீங்கதானே. என்ட கூடப் பொறந்த மூத்த ராத்தாட மாப்பிள. தாடி நரைச்சி, கைத்தடி புடிச்சி, பாத்தா ஒலியாக்கள் மாதிரி. "இந்த ஊர்ல பொம்புளப் புள்ளைக்கு சைக்கிள் குடுத்த மொத மனிசன் நாந்தான். ஊரு என்ன சொல்லும் எண்டு நான் பாக்கல்ல" எண்டார். நீங்க எல்லாரும் மாஷா அல்லாஹ் எண்டீங்க. நீ கைகூடத் தட்டின, ஒளிக்காத, நான் பாத்தன். மனிசன் ஒரு பொய்யக் கன காலம் உடுத்திக்கிட்டிரிந்தா அது தோலா மாறிப் போகும் போல. அந்தப் பொய்ய அவர் தச்சதுமில்ல. தச்சது நான். அளவெடுத்துத் தச்சன்.

அப்ப நான் பெரிய புள்ளையாகல்ல. கால் நெடுகச் சொறி, தல நெடுகப் பேன், வாய் நெடுக நியாயம். உம்மாக்கு வருத்தம் வந்து படுக்கையில கிடந்த நேரம், மிஷன் ஊட்டுல இரிந்து ஒரு வெள்ளைக்கார நர்ஸ் நோனா எங்கட ஊட்ட வந்து வந்து போவா. சைக்கிள்ளதான் வருவா. நடுவுல கம்பியில்லாத பொம்புளச் சைக்கிள், பச்ச நிறம், முன்னுக்குப் பிரம்புக் கூட. அத மணல்ல உழாமப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது என்ட வேல. புடிச்சிப் புடிச்சி ஒரு நாள் ஏறிட்டன். அவ ஏசல்ல. சீட்டப் புடிச்சிக்கிட்டுப் பின்னால ஓடி வந்தா. "மிதி தங்கச்சி, மிதி, கீழே பார்க்காதே" எண்டு வேதக் கோயில்ல ஓதுற தமிழ்ல கத்துவா. நான் விழுந்த இடத்துல எல்லாம் அவவே மருந்து போட்டா, செலவில்ல.

அவட கூடைக்குள்ள ஒரு படம் இரிந்திச்சி. கடதாசிக்குப் பின்னால துணி ஒட்டி, மடிச்சி மடிச்சி வெச்ச படம். விரிச்சா எங்கட பாய்ல பாதி. அவட ஊருப் பக்கத்து றோட்டெல்லாம் அதுல இரிந்திச்சி. கொமர்ப் புள்ளையா இரிக்கக்குள்ள அவ சைக்கிள்ள போன வழியெல்லாம் சிவப்புப் பென்சிலால கீறி வெச்சிரிந்தா. எனக்கு எழுத்துத் தெரியா. அவ விரலப் புடிச்சிக் காட்டித் தந்தா. இந்த மண்ணிறக் கோடெல்லாம் நெருங்கி வந்தா ஏத்தம், விலகிப் போனா சமன். சிலுவ போட்ட இடம் கோயில். நீலமா வளைஞ்சி வாறது ஆறு. "ஏற்றத்தில் மூச்சு வாங்கு, இறக்கத்தில் காலைத் தூக்கு" எண்டா. நான் கேட்டன், "கால எதுக்கு நோனா தூக்குற?" எண்டு. "சும்மா, சந்தோசத்துக்கு" எண்டா. சந்தோசத்துக்கெண்டு ஒரு பெரிய மனிசி ஒரு காரியம் செய்யிறத அண்டைக்குத்தான் நான் கேள்விப்பட்டன்.

எங்கட ஊர்ல ஏத்தம் எங்க கா இரிக்கி? தாம்பாளத்தக் கவுத்து வெச்ச மாதிரி ஊரு. ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வட்டை, கண்ணெட்டின வரைக்கும் வயல். வயல் வட்டையில வரம்பு, அதுதான் மலை. நோனா அவட நாட்டுக்குத் திரும்பிப் போகக்குள்ள, வாப்பாவக் கூப்பிட்டு சைக்கிளையும் படத்தையும் என்ட கையில குடுத்திட்டுப் போனா. வாப்பா மறுக்கல்ல. வாப்பா எங்கட ஊருப் பெரிய நிலக்காரர் போடியார்ட வயலுக்கு முல்லைக்காரர், அதாவது விதைக்கிறதுல இரிந்து சூடடிக்கிற வரைக்கும் எல்லாத்தையும் முன்னுக்கு நிண்டு பாக்கிற ஆள். வட்டைக்கு அவர்ட வண்டில் போனா, பின்னால நான் சைக்கிள்ள. வாப்பாக்கு அது இறக்காமம் ஊருக்குப் போற மண் றோட்டு. எனக்கு அது நோனாட ஊரு. வாய்க்கால் மதகு வந்தா ஆத்துப் பாலம். மருத மரம் வந்தா கோயில். அவுலியா அடங்கின இடத்துல கொடி பறக்கும், அதுல இடப்பக்கம் திரும்பினா ஏத்தம் தொடங்கும், நான் வேணுமெண்டு மூச்சு வாங்குவன். வாப்பா திரும்பிப் பாத்து, "என்ன புள்ள, இளைக்கிதா?" எண்டு கேப்பார். "மல ஏறுறன் வாப்பா" எண்டு சொல்லுவன். மனிசன் அதுக்கும் ஓம் எண்டுவார்.

அப்பதான் ராத்தாக்குக் கலியாணம் முடிஞ்சி, மச்சான் வந்து சேந்தார்.

உங்களுக்குத் தெரியுந்தானே, எங்கட பக்கம் மாப்பிளதானே பொண்ணு ஊட்டுக்கு வாற. ஊடு ராத்தாட பேர்ல எழுதியாச்சி. நாங்க பின்னால அடுப்படிப் பத்திக்கு ஒதுங்கியாச்சி. மச்சான் தறிக்காரர்ட மகன். சாறன், புடவ, நூல் எல்லாம் தெரியும், வயல் மண் தெரியா. வெள்ளச் சட்ட, வாசன எண்ண, காலுல கலியாணத்துக்குத் தச்ச கறுப்புச் சப்பாத்து. அந்தச் சப்பாத்து கீச்சு கீச்செண்டு கத்தும். கிணத்தடிக்கும் அதோடதான் போவார். கத்துறது நிண்டா மனிசன் நித்திரை எண்டு எங்களுக்குத் தெரியும். கொஞ்சம் இங்கிலீசும் இரிந்திச்சி அவருக்கு. அத எங்கட கோழியளோடதான் கதைப்பார்.

வந்து ஒரு கிழம ஆகல்ல, என்ட சைக்கிளப் பாத்தார்.

"இத ஆரு ஓடுற?"

"நாந்தான் மச்சான்."

"நீயா? பொம்புளப் புள்ளயா? நாளைக்கு உன்ன ஆரு கலியாணம் முடிப்பான்?"

"சைக்கிள் ஓடத் தெரிஞ்சவன் ஆராவது."

உம்மா என்ட வாயில அடிச்சா. மச்சான் சிரிச்சார். சிரிச்சிக்கிட்டே சைக்கிள உருட்டிக்கிட்டுப் போய் அவர்ட அறைக்குப் பக்கத்துல சாத்தினார். அவ்வளவுதான். கேக்கவுமில்ல, பறிக்கவுமில்ல. ஊட்டோட வந்த சாமான் எண்டு எடுத்துக்கிட்டார். அடுக்களைக்குள்ள நான் கத்தின கத்து கடற்கரைக்குக் கேட்டிரிக்கும். வாப்பா வந்தார். நான் வாப்பாட கையப் புடிச்சிக்கிட்டு, "கேளுங்க வாப்பா, எனக்கெண்டு தந்த சாமானெண்டு சொல்லுங்க வாப்பா" எண்டன். வாப்பா நிலத்தப் பாத்தார். "புது மாப்பிள புள்ள. மாப்பிளட கையில இரிக்கிறத நாங்க வாங்கேலா" எண்டார். அண்டைக்கு எனக்கு மச்சான விட வாப்பாவிலதான் வெறுப்பு. பயந்தாங்கொள்ளி எண்டு நெனச்சன். நானும் மகள்மாரப் பெத்து, அவளுகட வாழ்க்கைக்காக மருமகன்மாருக்கு முன்னால பல்லக் கடிச்சிக்கிட்டு நிண்ட பொறகுதான் அந்த மனிசன் நிலத்துல என்னத்தத் தேடினாரெண்டு வெளங்கிச்சி.

சைக்கிள் போனதக்கூடப் பொறுத்திருப்பன். ஒரு நாள் வெள்ளிக்கிழம, ஜும்ஆக்குப் போக முதல் மச்சான் சங்கிலிய மினுக்கிக்கிட்டு நிண்டார். கையில ஒரு துணி. கறுப்புக் கிறீஸ். கிட்டப் போய்ப் பாத்தன். என்ட படம். கூடைக்குள்ள மடிச்சி வெச்சிரிந்த நோனாட ஊரு.

"மச்சான், அது என்ட!"

"இது பழந்துணிதானே புள்ள. நல்லாப் புடிக்கிது."

நோனாட கோயில், பாலம், சிவப்புப் பென்சில் கோடு எல்லாத்தையும் சங்கிலிக்குள்ள குடுத்து இழுத்தார். நான் அழல்ல. உம்மா கூட அதிசயப்பட்டா. அழாத புள்ளையத்தான் கா பயப்படோணும். ஆருக்கும் அது தெரியா. அந்தத் துண்ட அவர் எறிஞ்ச இடத்துல இரிந்து பொறுக்கி, மடிச்சி, என்ட சட்டைக்குள்ள வெச்சிக்கிட்டன். என்ட நேரம் வரும், யா அல்லாஹ், நீதான் அனுப்போணும் எண்டு துஆக் கேட்டன். அல்லாஹ் சைக்கிள்ள அனுப்பினான்.

வயல் வெட்டு முடிஞ்சி, கதிர எருமையால மிதிச்சிச் சூடடிக்கிற நாள். வாப்பா வட்டையில, வாடிக் குடிசையிலேயே தங்கல். சந்தியில ஒரே சனம். போய்ப் பாத்தா ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும், ரெண்டு சைக்கிள், சில்லுக்கு ரெண்டு பக்கமும் பை தொங்குது. புருசனும் பொண்டாட்டியுமாம். இலங்கையச் சுத்தி ஓடிக்கிட்டு வாறாங்களாம். வெள்ளைக்காரி காற்சட்ட போட்டிரிந்ததால பெரியவங்க எல்லாரும் மறுபக்கம் பாத்துக்கிட்டு நிண்டாங்க, எண்டாலும் ஒருத்தரும் போகல்ல. இங்கிலீசு தெரிஞ்ச ஆளெண்டு மச்சானக் கூப்பிட்டாங்க. மச்சான் கீச்சு கீச்செண்டு வந்து ரெண்டு பேரையும் ஊட்டுக்குக் கூட்டி வந்து இளநி குடுத்தார்.

அவங்களுக்குப் பெரிய றோட்டு வாணாமாம். வயலுக்குள்ளால போய் இறக்காமத்துப் பக்கம் குளத்தப் பாக்கோணுமாம், குருவி பாக்கோணுமாம். மச்சான் நெஞ்சத் தட்டினார். "நோ பிராப்ளம். ஐ நோ" எண்டார். ராத்தா அடுப்படிக்க இரிந்து என்னப் பாத்தா. நான் ராத்தாவப் பாத்தன். இந்த மனிசன் வட்டைப் பக்கம் மூஞ்சகூடத் திருப்பினதில்ல.

கொஞ்ச நேரத்துல பத்திக்குப் பின்னால கீச்சு கீச்சு.

"மச்சி, இஞ்ச வா. வாப்பாட வயலுக்கு எப்பிடிப் போற? உனக்குத் தெரியுந்தானே?"

அண்டைக்குத்தான் நான் முறைக்கு மச்சி, பொண்டாட்டிட தங்கச்சி. மத்த நாளெல்லாம் "புள்ள", இல்லாட்டி "ஏய்".

"தெரியும். சொன்னா சைக்கிளத் தருவீங்களா?"

"ஓம் ஓம், வந்த ஒடன தாறன்."

"சத்தியமா?"

"சத்தியம் கித்தியமெல்லாம் என்னத்துக்குப் புள்ள, மச்சான்ட வார்த்த." சொல்லிட்டு, அவர்ட வாய் ஓரத்துல ஒரு சிரிப்பு வந்திச்சி பாருங்க. என்ன ஏமாத்துறது அவ்வளவு லேசான வேல எண்டு நெனச்ச சிரிப்பு. அந்தச் சிரிப்பு இல்லாட்டி நான் வாய் தொறந்திருப்பன் கா. எல்லாத்தையும் சொல்லியிருப்பன்.

வழி சொன்னா மறந்து போவாரெண்டு என்னையும் கரியர்ல ஏத்தினார். "நீ வாயத் தொறக்கப்படா. இடப்பக்கமெண்டா என்ட சட்டய இடப்பக்கம் இழு. வலப்பக்கமெண்டா வலப்பக்கம் இழு" எண்டார். மாடு சாய்க்கிற மாதிரி மச்சானச் சாய்ச்சிக்கிட்டுப் போனன். என்ட சைக்கிள்ட கரியர்ல நான். அந்த மனிசன் முன்னுக்கு இரிந்து, "லெப்ட், பிளீஸ்" எண்டு வெள்ளைக்காரருக்கு வழி காட்டுறார். மதகு வந்திச்சி, மருத மரம் வந்திச்சி, கொடி வந்திச்சி. எல்லாத்துலயும் நேரான வழி காட்டினன். ஒரு வளைவுகூடப் பிழையில்ல.

வெள்ளைக்காரி என்ட பக்கத்துல வந்து வந்து சிரிச்சா. நான் சட்டைக்குள்ள இரிந்து அந்தத் துண்ட எடுத்துக் காட்டினன். சைக்கிள ஓட்டிக்கிட்டே பாத்தா. பாத்தவட மொகம் மாறிச்சி. அவட நாட்டக் கண்டுக்கிட்டா. பொறகு கிறீஸக் கண்டா. நான் மச்சான்ட முதுகக் கையால காட்டினன். அதுக்கு ஒரு பாஷையும் தேவைப்படல்ல.

போடியார்ட களவெட்டி, சூடடிக்கிற களம், தூரத்துல தெரிஞ்சிச்சி. சாணி போட்டு மெழுகி, நடுவுல பொன் மாதிரிக் குமிச்சிக் கிடக்கு. எரும சுத்துது. இந்தப் புள்ளையளுக்கு இப்ப மெசின்தான் தெரியும். எங்களுக்குத் தெரியும், களவெட்டியெண்டா என்னெண்டு. அதுல செருப்போட கால் வைக்கப்படா, வெச்சா பறக்கத்து, அல்லாஹ்ட அருள், போயிரும். நெல்லெண்டு சொல்லப்படா, பொலியெண்டு சொல்லோணும். மூட்டைய விரல் நீட்டி எண்ணப்படா. "முடிஞ்சி" எண்ட சொல்லு வாயில வரவே படா. பொம்புளையள் கிட்டயே போறல்ல, ஓரத்துல நிக்கிறதான். தாயிட மடியில இரிக்கக்குள்ளயே இத நாங்க படிச்ச. தறிக்கார ஊட்டுல ஆரு படிச்சிக் குடுக்கிற?

"மச்சி, இனி எப்பிடி?"

"நேரா களத்துக்குள்ளால போங்க மச்சான். எல்லாரும் அதுக்குள்ளாலதான் போற. சுத்திப் போனா தூரம்."

பொய்யா? பொய்யில்ல. எல்லாரும் அதாலதான் போற. செருப்பக் கையில புடிச்சிக்கிட்டு, வாயப் பொத்திக்கிட்டு, பிஸ்மி சொல்லிக்கிட்டுப் போற. அந்த மிச்சத்த அவர் கேக்கல்ல, நான் சொல்லல்ல.

"எனக்குக் கால் விறைக்கிது மச்சான், நான் இறங்கி நடந்து வாறன்" எண்டு குதிச்சன். குதிச்சி ஓடிப் போய் வெள்ளைக்காரிட சில்லுக்கு முன்னால கைய விரிச்சிக்கிட்டு நிண்டன். என்ட வெறுங்காலக் காட்டினன். அவட சப்பாத்தக் காட்டினன். களவெட்டியக் காட்டி, பள்ளிவாசலுக்க போற மாதிரி தலையில முக்காட்ட இழுத்தன். அல்லாஹ்ட காவல், அந்த மனிசிக்குச் சட்டெண்டு வெளங்கிச்சி. புருசனுக்கும் சொன்னா. ரெண்டு பேரும் இறங்கி, சப்பாத்தக் கழத்திக் கையில எடுத்துக்கிட்டு வரம்புல அடக்கமா நிண்டாங்க.

மச்சான் பின்னால பாக்கல்ல. வெள்ளைக்காரருக்குக் காட்டோணுமே. பெல்ல அடிச்சிக்கிட்டு, சப்பாத்தோட, சைக்கிளோட களவெட்டிக்குள்ள ஏறினார். எரும மிரண்டு நிண்டிச்சி. சூடடிக்கிறவங்கட பாட்டு நிண்டிச்சி. சைக்கிள் சறுக்கிச்சி. உழாம இரிக்கக் கால ஊண்டினார் பாருங்க, எங்க ஊண்டினார்? பொலிக்குள்ள. அந்தக் கறுப்புச் சப்பாத்து கணுக்கால் வரைக்கும் பொலிக்குள்ள போச்சு.

ஒராளும் மூச்சு உடல்ல. அந்த அமைதிய மரியாதையெண்டு நெனச்சிட்டார் மனிசன். கட்டி வெச்ச மூட்டையள விரல் நீட்டி, வெள்ளைக்காரருக்குக் கேக்கிற மாதிரி, "வன், டூ, த்ரீ..." எண்டு எண்ணத் தொடங்கினார். பொறகு போடியாரப் பாத்து, "என்ன போடியார், நெல்லெல்லாம் முடிஞ்சிதா?" எண்டார்.

ஒரே மூச்சில அத்தனையும். ஒண்டுகூட மிச்சம் வைக்கல்ல. நான் துஆக் கேக்கக்குள்ள இவ்வளவு கேக்கல்ல கா.

போடியார் கிழவன் கம்ப ஊண்டி எழும்பினார். "ஆர்டா இவன்?"

வாப்பா சுளகோட நிண்டார். சுளக நிலத்துல வெச்சார். பொறகு, "என்ட... என்ட மருமகன் போடியார்" எண்டார். அந்த நேரம் வாப்பாட மொகத்தப் பாக்க எனக்குக் கொஞ்சம் பாவமாயிரிந்திச்சி. கொஞ்சந்தான்.

"மருமகனா? அங்க பாரு! ஏழு கடலுக்கு அங்கால இரிந்து வந்த வெள்ளைக்காரன் சப்பாத்தக் கையில வெச்சிக்கிட்டு நிக்கான். எங்கட கலிமாச் சொல்ற நீ, பொலிய மிதிச்சிக்கிட்டு நிக்கிற!"

மச்சான் திரும்பி வரம்பப் பாத்தார். வெறுங்காலோட நிக்கிற வெள்ளைக்காரனப் பாத்தார். வெள்ளைக்காரியப் பாத்தார். அவளுக்குப் பக்கத்துல நிண்ட என்னப் பாத்தார். நான் விரலச் சூப்பிக்கிட்டு நிண்டன். விரல் சூப்புற வயசு எப்பவோ போன எனக்கு.

"கழத்து" எண்டார் போடியார். மச்சான் கழத்தினார். ஒரு ஆள் அந்தச் சப்பாத்த ரெண்டு விரலால தூக்கிக்கிட்டுப் போய் வாய்க்காலுக்குள்ள போட்டான். மூக்குத் தூக்கின ரெண்டு வள்ளம் மாதிரி மிதந்து போச்சு. "பாத்திஹா ஓதித்தான் இனிச் சூடடிக்கோணும். இவன் வெறுங்காலோட நடந்து ஊட்ட போகட்டும். முல்லைக்காரர், உங்கட மகள்ட மொகத்துக்காகச் சொல்றன், இந்தக் கதை இந்தக் களத்தோட இரிக்கட்டும். ஒருத்தனும் ஊர்ல போய்க் கதைக்கப்படா" எண்டார். எல்லாரும் ஓம் எண்டாங்க. நானும் தலையாட்டினன். வாக்குக் காப்பாத்துற ஆள் நான். நடந்தத நடந்த மாதிரி ஊர்ல ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல, இண்டு வரைக்கும்.

வெள்ளைக்காரர் நிக்கிறாங்களே. வாப்பா சைக்கிளக் களத்துல இரிந்து தூக்கிக்கிட்டு வந்து, சில்லக் கழுவி, வரம்புல வெச்சார். "புள்ள, இவங்களக் குளத்தடியில உட்டுட்டு, இருட்ட முதல் ஊட்டுக்குப் போ. போய் மச்சான்ட சைக்கிள மச்சான்ட எடத்துல வெச்சிரு" எண்டார். மச்சான்ட சைக்கிளாம். அப்பவும் வாப்பாக்கு வாய் வரல்ல.

எண்டாலும் அந்தக் குளக்கட்டு. சொல்றன் கேளுங்க. கட்டுல ஏறுற இடம் நல்ல சரிவு. வெள்ளைக்காரி முன்னால, நான் பின்னால. மிதிச்சன், மிதிச்சன், நெஞ்சு வெடிக்கப் பாத்திச்சி. மேல ஏறினா ஒரு பக்கம் தண்ணி, மத்தப் பக்கம் வெட்டின வயல், தூரத்துல ஆன போன தடம். பொறகு அங்கால இறக்கம். வெள்ளைக்காரி திரும்பி என்னப் பாத்து, ரெண்டு காலையும் பெடல்ல இரிந்து தூக்கினா. நானும் தூக்கினன். காத்து சட்டைக்குள்ள பூந்து என்ன ஊதிச்சி. நான் கத்தினன் கா, என்ன கத்தினனெண்டு தெரியா. நர்ஸ் நோனா சொன்ன சந்தோசம் இதுதான் எண்டு கத்தியிருப்பன்.

கட்டுக்குக் கீழ குந்தி, வெள்ளைக்காரி அந்தப் படத்த மடியில விரிச்சா. விரலுக்கு எச்சி தொட்டு ஒரு மூலயத் தொடச்சா. கிறீஸுக்குள்ள இரிந்து ஒரு சின்னக் கோயிலும் கொஞ்சம் சிவப்புக் கோடும் வெளிய வந்திச்சி. அத மடிச்சி என்ட கூடைக்குள்ள வெச்சிட்டு, என்ட கன்னத்தப் புடிச்சா. பொறகு ரெண்டு பேரும் தெக்கால போனாங்க. அந்தப் படமும் கூடையும் சைக்கிளும் சுனாமியில கடல் வந்த அண்டைக்குத்தான் என்ட கைய உட்டுப் போச்சு. அது வரைக்கும் இரிந்திச்சி.

திரும்பி வரக்குள்ள, மண் றோட்டுல மச்சான். சாறன முழங்காலுக்குத் தூக்கிக்கிட்டு, சுடு மணல்ல கொக்கு மாதிரி ஒரு கால் வெச்சி ஒரு கால் எடுத்துப் போறார்.

"மச்சி! நில்லு மச்சி! என்ட சைக்கிளக் கொண்டா!"

என்ட சைக்கிளாம். நான் பெல் அடிச்சன். பெல்ல அடிச்சிக்கிட்டே அவரச் சுத்தி ஒரு வட்டம் போட்டன்.

"மச்சான்ட வார்த்த என்னாச்சி மச்சான்? வந்த ஒடன தாறனெண்டீங்களே."

"ஊட்ட வா, உனக்குத் தாறன்!" எண்டு பல்லக் கடிச்சார். அந்தப் பல்லுல எனக்கு எல்லாம் வெளங்கிச்சி. ஊட்டுக்கு வந்தா சைக்கிள் போகும், அதுக்கு மேல அடியும் கிடைக்கும், வாப்பா நிலத்தப் பாப்பார். அவர் வந்து சேர முதல் ஏதாவது செய்யோணும். ரெண்டு காலாலயும் மிதிச்சன். நோனாட ஊருல இரிந்த ஏத்தம் முழுக்க அண்டைக்கு எங்கட சமன் றோட்டுல ஏறினன்.

எங்கட ஒழுங்கையில அந்தி நேரம் பொம்புளையள் எல்லாரும் வேலியோரம் நிப்பாங்களே, உங்கட உம்மாமார்தான். நான் சைக்கிள்ள வாறதக் கண்டு வாயப் புளந்தாங்க.

"என்னடி, மாப்பிளட சைக்கிள நீ ஓடிக்கிட்டு வாற? மாப்பிள எங்க?"

நான் இறங்கி, முக்காட்டச் சரி பண்ணி, மூச்ச இழுத்து உட்டன். பொறகு சொன்னன்:

"மாமி, மச்சான் மாதிரி ஒரு மனிசன நீங்க பாக்கேலா. போடியாருக்கு முன்னால, வெள்ளைக்காரருக்கு முன்னால, இந்தச் சைக்கிள என்ட கையில தந்திட்டார். இனி இது மச்சிக்குத்தான், ஊரு என்ன சொன்னாலும் பரவாயில்ல எண்டுட்டார். அவர்ட சப்பாத்தையும் ஒரு ஏழைக்குச் சதக்காக் குடுத்திட்டு, வெறுங்காலோட நடந்து வாறார். ஆருக்கும் சொல்ல வாணாமெண்டார். நீங்க கேட்டதால சொன்னன்."

மச்சான் நொண்டிக்கிட்டு ஒழுங்கைக்குள்ள வரக்குள்ள ஒழுங்க முழுக்கச் சனம். "மாஷா அல்லாஹ், என்ன மனசு!" எண்டு ஒராள். "இப்பிடியொரு மாப்பிள ஆருக்குக் கிடைக்கும்!" எண்டு ஒராள். ஒரு கிழவி அவர்ட காலத் தொட்டுப் பாத்து அழுதா. ராத்தா வாசல்ல முந்தானைய வாயில வெச்சிக் கடிச்சிக்கிட்டு நிண்டா. அவ அழுறாவெண்டு எல்லாரும் நெனச்சாங்க.

"மெய்தானா மருமகன்? மச்சிக்குச் சைக்கிளக் குடுத்திட்டீங்களா?" எண்டு மாமி கேட்டா.

மச்சான் என்னப் பாத்தார். இல்லையெண்டு சொன்னா, சப்பாத்து எங்க போச்சுதெண்டு சொல்லோணும். நான் சைக்கிளப் புடிச்சிக்கிட்டு, பெல்லுல பெருவிரல வெச்சிக்கிட்டு நிண்டன்.

"ஓம்" எண்டார்.